ரூலோட் யன்னலால இறங்கின பொம்பிளை

அண்டைக்கு எனக்கிருந்த வேலை ஒண்டே ஒண்டுதான். முதலாளியின்ர ரூலோட்டைக் காருக்குப் பின்னால கொளுவி, மனுசியையும் மகளையும் ஏத்திக்கொண்டு, ஒரு மணித்தியால ஓட்டத்தில இருக்கிற கடற்கரைக் காம்பிங்கில கொண்டுபோய் நிப்பாட்டவேணும்.

அவ்வளவுதான்.

ரூலோட் எண்டா என்ன எண்டு தெரியாதாக்களுக்கு: காருக்குப் பின்னால இழுத்துக்கொண்டு போற சின்ன வீடு. ரெண்டு சில்லு, நாலு படுக்கை, ஒரு அடுப்பு. நீங்கள் கரவன் எண்டுவியள். போன கிழமை இந்தப் பக்கத்தில ஒரு தம்பி, "அண்ணை, குடும்பத்தோட கரவனில போறதுக்கு ஏதும் ஆலோசனை சொல்லுங்கோ" எண்டு கேட்டிருந்தார்.

ஆரிட்டைக் கேட்டிருக்கிறார் பாருங்கோ!

தொண்ணூறுகளின்ர நடுப்பகுதி. பலேர்மோ நகரத்துக்கு வெளிப்பக்கமா ஒரு வயசான டாக்குத்தர் வீட்டில எனக்கு வேலை. சமையல், துப்புரவு, கடைக்குப் போறது, நாயை நடத்திக்கொண்டு போறது எல்லாம் நான்தான். அந்தோனிப்பிள்ளை எண்ட பேர் அவற்றை வாயில நுழையேல்லை. அந்தோனியோ ஆக்கிப்போட்டார்.

ஓகஸ்ட் வந்தா பலேர்மோவில ஒருத்தரும் வீட்டில இருக்கிறேல்லை. எல்லாரும் கடலுக்கு. அந்த வருசம் டாக்குத்தருக்கு நாரிப்பிடிப்பு, இடுப்பை அசைக்கேலாது. "அந்தோனியோ, நீ உன்ர குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போ. ரூலோட் சும்மாதானே நிக்குது" எண்டார்.

என்ர மகள் அனித்தாவுக்கு அப்ப ஒன்பது வயசு. விடுமுறைக்கு எங்கை போனனீங்கள் எண்டு பள்ளிக்கூடத்தில கட்டுரை எழுதச் சொன்னா, "பல்கனிக்கு" எண்டு எழுதிற பிள்ளை. நான் உடன ஓம் எண்டிட்டன்.

சனிக்கிழமை காலமை டாக்குத்தர் அரை மணித்தியாலம் பாடம் எடுத்தார். கொளுக்கி இப்பிடி, சங்கிலி இப்பிடி, இது பின் லைற்றுக்குப் போற வயர், இது ரூலோட்டின்ர கைப்பிறேக். பாரச் சாமானைச் சில்லுக்கு நேர மேல வை. ஓடேக்க உள்ளுக்கு ஒருத்தரும் இருக்கக்கூடாது. கதவு பூட்டியிருக்கவேணும்.

நான் ஒவ்வொண்டுக்கும் "சி, தொத்தோரே" எண்டன். ஓம், டாக்குத்தர் எண்டு அர்த்தம். இத்தாலிக்கு வந்து ஆறு வருசத்தில நான் பிழையில்லாமல் படிச்ச ஒரே சொல்லு அந்த "சி"தான். விளங்கினாலும் சி. விளங்காட்டியும் சி.

கடைசியா அவர், "ஊருக்குள்ள மட்டும் கொண்டுபோயிடாதை. குடும்பத்தை பஸ்ஸில இஞ்சை வரச்சொல்லு" எண்டார்.

"சி, தொத்தோரே."

நேர ஊருக்குள்ள கொண்டுபோனன்.

மனுசி ஜெசிந்தாவுக்கு நான் சொன்ன காரணம், அரிசி மூட்டையோட பஸ்ஸில வரேலாது எண்டது. உண்மைக் காரணம் வின்சன்ற் அண்ணை. சீசா எண்ட நகரப் பகுதியில எங்கட ஒழுங்கை ஒரு ஒடுங்கின தெரு. அதிலதான் அவரும் இருந்தவர். பெரிய ரீவி ஒண்டு வாங்கி, அது வந்த வெறும் பெட்டியை ரெண்டு கிழமையா வாசலில வைச்சிருந்தார். அவற்றை வாசலுக்கு முன்னால ஒருக்கா ரூலோட்டோட போகவேணும். வேற ஒண்டுமில்லை.

வின்சன்ற் அண்ணை அண்டைக்கு விடியவே துறைமுகத்துக்கு வேலைக்குப் போயிட்டாராம். வீட்டில ஒரு குஞ்சும் இல்லை!

சரி, வந்தது வந்தாச்சு. ஜெசிந்தா சாமான் ஏத்தத் தொடங்கினாள். அரிசி. தேங்காய். அதைத் துருவத் திருவலை. கருவாட்டுப் பெட்டி. ரெண்டு பெரிய சட்டி. ஒரு பேசன் நிறைய, உருளைக்கிழங்கு உள்ளுக்கு வைச்சுப் பொரிச்ச றோல்ஸ்.

"நாங்கள் அஞ்சு நாளுக்குத்தானப்பா போறம்" எண்டன்.

"அஞ்சு நாளும் சாப்பிடமாட்டியளோ?"

எல்லாம் போய்ப் பின்பக்கம் குவிஞ்சுது. "இஞ்சாருங்கோ, நான் உள்ளுக்கு நிண்டு அடுக்கிக்கொண்டு வாறன். நீங்கள் ஒழுங்கை முடியுமட்டும் மெல்ல எடுங்கோ" எண்டாள். பக்கத்து வீட்டாக்களோட கதைச்சுக்கொண்டு போறதுக்கு வசதியாக் கதவை முழுக்கத் திறந்து வெளிச்சுவரோட கொளுவியும் விட்டாள்.

டாக்குத்தர் சொன்னதில நாலு, வெளிக்கிட முதலே முறிஞ்சுது.

ஐம்பது யார் போயிருப்பன். ஒழுங்கை வாசலில ஒரு கார் குறுக்க நிக்குது. முழுக்க வெள்ளைப் பூ. கலியாணக் கார். ட்ரைவரைக் காணேல்லை.

"கோப்பி குடிக்கப் போயிட்டான். இப்ப வருவான்" எண்டா மூண்டாம் மாடி சீனியோரா, பல்கனியில உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு.

பத்து நிமிசம் பொறுத்திருக்கலாம். அறிவுள்ள மனுசன் பொறுத்திருப்பான். ஆனா முழு ஒழுங்கையும் பல்கனியில நிண்டு என்னைப் பாக்குது. பாக்கிற சனத்துக்கு முன்னால சும்மா இருக்கிறது எனக்குச் சரிவராது.

நான் றிவேர்ஸ் போட்டன்.

ரூலோட்டோட பின்னுக்குப் போறது எப்பிடி எண்டு நான் டாக்குத்தரைக் கேக்கேல்லை. முன்னுக்குப் போனா பின்னுக்கும் போகும்தானே! பின்பக்கம் வலத்துக்குப் போகட்டும் எண்டு ஸ்டியரிங்கை வலத்துக்கு வெட்டினன். ரூலோட் இடத்துக்குப் போச்சு. இன்னும் வெட்டினன். இன்னும் இடத்துக்குப் போச்சு.

"இடத்துக்கு வெட்டு!" எண்டான் கீழ் வீட்டுக்காரன்.

"வலத்துக்கு!" எண்டா மூண்டாம் மாடி.

"என்னை இறக்கிவிடுங்கோ!" எண்டாள் ரூலோட்டுக்குள்ள ஜெசிந்தா.

நான் எல்லாருக்கும் "சி, சி" எண்டு ரெண்டு பக்கமும் வெட்டினன். "டடார்" எண்டொரு சத்தம். கார் ஒரு சுவரைப் பாத்துக்கொண்டும், ரூலோட் மற்றச் சுவரை அணைச்சுக்கொண்டும் நிண்டுது. முன்னுக்கும் ஏலாது, பின்னுக்கும் ஏலாது.

பின் சீற்றில அனித்தா மெல்லச் சரிஞ்சு கீழ போய் ஒளிச்சுக்கொண்டாள். "அப்பா, கே வெர்கோஞ்ஞா!" எண்டு ஒரு முனகல் மட்டும் கேட்டுது. என்ன வெக்கக்கேடு எண்டு அர்த்தம். இண்டைக்கும் அவள் எனக்கு அடிக்கடி சொல்லுற இத்தாலியன் அதுதான்.

நான் இறங்கினன். வண்டி உருண்டிடுமோ எண்டு பயத்தில ரூலோட்டின்ர கைப்பிறேக்கை இறுக்கி இழுத்துவிட்டன். இதை நீங்கள் ஞாபகம் வைச்சிருங்கோ. நான் வைச்சிருக்கேல்லை.

ஆறு ஆம்பிளையள் ஓடிவந்து தள்ளிச்சினம். அசையேல்லை. எட்டுப்பேர் தள்ளிச்சினம். அசையேல்லை. நான் காரில ஏறி முன்னுக்கு இழுத்தன். கிளச் எரிஞ்ச மணம் வந்துது.

"என்ன பாரம் இது! உள்ளுக்கு என்ன, கல்லோ?" எண்டான் ஒருத்தன்.

"அரிசி" எண்டன்.

அப்பதான் ரூலோட் அணைச்சுக்கொண்டு நிண்ட சுவரை வடிவாப் பாத்தன். அது சுவரில்லை. ஒரு மாடிவீட்டு வாசல். வாசல் நிலையில வெள்ளைப் பூமாலை.

மேல இருந்து ஆரோ, "கலியாணப் பொம்பிளை இறங்குது!" எண்டு கத்தினவை.

பதினொரு மணிக்குக் கலியாணம். அடுத்த கலியாணம் பன்னிரண்டுக்கு, பாதர் ஒரு நிமிசமும் பொறுக்கமாட்டார் எண்டு ஒழுங்கை முழுக்கக் கதை. "விஜிலியைக் கூப்பிடுங்கோ!" எண்டு ஒரு குரல். பொலிஸ் வந்தா? லைசென்ஸ் எடுத்து மூண்டு மாசம். பெர்மெஸ்ஸோ, அதுதான் இஞ்சை இருக்கிறதுக்கான விசா, புதுப்பிக்கக் குடுத்து இன்னும் வரேல்லை. ரூலோட் டாக்குத்தருடையது. அவருக்கு இது தெரிஞ்சா வேலையும் போச்சு. அந்த வேலைப் பேப்பர் இல்லாட்டி பெர்மெஸ்ஸோவும் போச்சு. வின்சன்ற் அண்ணையின்ர ரீவிப் பெட்டியாலதான் நான் இத்தாலியை விட்டுப் போகப்போறன் எண்டு நினைக்க அழுகை வந்துது.

பொம்பிளை வாசலுக்கு வந்தாள். வாசலுக்கும் ரூலோட்டுக்கும் இடையில ஒரு முழம்தான். ஆக்கள் எண்டாப் பக்கவாட்டில நெருக்கிக்கொண்டு வரலாம். அந்தக் கலியாணச் சட்டை வரேலாது. அது கீழ கூடாரம் மாதிரி விரிஞ்சு நிக்குது.

எல்லாரும் என்னைப் பாத்தினம். நான் அரிசியைப் பற்றி இன்னொருக்காச் சொல்லுவமோ எண்டு யோசிச்சன்.

அப்ப உள்ளுக்கிருந்து ஜெசிந்தாவின்ர குரல். "சீனியோரினா! வியேனி, வியேனி!" வா, வா எண்டுறாள்!

அவள் கொளுவிவிட்ட திறந்த கதவு, கடவுள் கிருபையா, அந்த வாசலுக்கு நேர வந்து நிண்டிருக்குது. வாசல்படியில இருந்து ஒரு கால் வைச்சா ரூலோட்டுக்குள்ள. மற்றப் பக்கம் பெரிய யன்னல். அதை மேல தூக்கி, கீழ இருக்கிற வாங்குப் பலகையில ஏறி வெளியால இறங்கினா, ஒழுங்கை.

பொம்பிளை மற்றப் பக்க யன்னலைப் பாத்தாள். பிறகு சட்டையை ரெண்டு கையாலையும் அள்ளிக்கொண்டு உள்ளுக்கு ஏறினாள்.

வெளியில நாங்கள் யன்னலுக்குக் கீழ கதிரை வைச்சுப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறம். உள்ளுக்கு சர்ரெண்டு ஒரு கிழியல் சத்தம். பிறகு ஒரு அழுகை. அடுப்புப் பிடியில சட்டை கொளுவிப்போட்டுது.

"ஐயோ அழாதை பிள்ளை, பியானோ, பியானோ, மெல்ல மெல்ல" எண்டாள் ஜெசிந்தா. எங்கட பொம்பிளையளின்ர காப்பில எப்பவும் நாலு ஊசி தொங்கும்தானே. அதுகளைக் கழட்டிக் கிழிஞ்ச இடத்தை மடிச்சுக் குத்தினாள். குத்திக்கொண்டே, "சாப்பிட்டனியோ?" எண்டு கேட்டிருக்கிறாள். காலமையில இருந்து ஒண்டும் இல்லை எண்டு அந்தப் பிள்ளை தலையை ஆட்டியிருக்குது.

யன்னலால முதல் வந்தது வெள்ளைச் சப்பாத்து. அடுத்தது ரெண்டு ஆள் பிடிச்சும் முடியாத சட்டை. கடைசியா முகம். வாயில பாதி றோல்ஸ்.

ஒழுங்கை முழுக்கக் கைதட்டு! படம் பிடிக்கிறவர் தரையில படுத்துப் பிடிச்சார். பொம்பிளை கதிரையில நிண்டு மிச்ச றோல்ஸையும் சாப்பிட்டு முடிச்சு, "பிக்கான்தே!" எண்டு கண்ணைத் துடைச்சாள். உறைப்பாம்.

அவளுக்குப் பின்னால யன்னலால இறங்கினவர் தகப்பன். கறுப்புக் கோட்டு, பெரிய மீசை. என்னை ஒண்டும் கேக்கேல்லை. நேர முன்னுக்குப் போய்க் குனிஞ்சு பாத்தார். ஒரு கையாலை கைப்பிறேக்கைக் கீழ விட்டார். கொளுக்கியைக் கழட்டினார். நாலு பேரை "ம்" எண்டார். அவை தள்ளிச்சினம்.

ரூலோட் பூனைக்குட்டி மாதிரி நகந்து வாசலை விட்டுது.

தள்ளித் தள்ளி நாரி முறிஞ்ச எட்டுப்பேரும் என்னைத்தான் பாத்தினம். பொம்பிளை யன்னலைப் பாத்தாள், தன்ர சட்டையைப் பாத்தாள், பிறகு என்னைப் பாத்தாள்.

"ஆர் பிறேக் இழுத்தது?" எண்டார் தகப்பன்.

நான் முதல்தரமா "சி" எண்டு சொல்லேல்லை.

மனுசன் துறைமுகத்தில இருபது வருசமா ட்ரெயிலர் ஓடுறவராம். காரில ஏற முதல் என்ர தோளில கை வைச்சு, "ஸ்டியரிங்கைக் கீழ்ப்பக்கத்தில பிடி. ரூலோட்டின்ர பின்பக்கம் எந்தப் பக்கம் போகவேணுமோ, கையை அந்தப் பக்கம் நகத்து. கொஞ்சமா. ஏலாட்டிக் கழட்டிக் கையாலை தள்ளு. அதில ஒரு வெக்கமும் இல்லை" எண்டார். தம்பி, நீங்கள் கேட்ட ஆலோசனை இதுதான். இதைவிட நல்லதா எனக்கு ஒண்டும் தெரியாது.

கலியாணக் கார் போகேக்க மணி பதினொன்றேகால். பாதர் பொறுத்தவரோ இல்லையோ தெரியாது. நாங்கள் ரூலோட்டைத் திரும்பக் கொளுவி, மணியோசை கேக்க முதல் ஊரை விட்டு வெளிக்கிட்டிட்டம்.

பெரிய றோட்டில ஏற, ரூலோட் பின்னால வாலாட்டத் தொடங்கிச்சு. கொஞ்சம் வேகம் எடுத்தா காரையும் சேத்து ஆட்டுது. ஓரமா நிப்பாட்டி, பின்னுக்குக் கிடந்த அரிசியையும் சட்டியையும் தூக்கிச் சில்லுக்கு நேர மேல வைச்சம். ஆட்டம் நிண்டுது.

"இதை டாக்குத்தர் உங்களுக்குச் சொல்லேல்லையோ?" எண்டாள் ஜெசிந்தா.

"சொன்னவர்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

நான் றோட்டைப் பாத்துக் காரை ஓடினன்.

மத்தியானம் ரெண்டு மணிக்குக் காம்பிங் வாசல். அனித்தா கடலைக் கண்டிட்டு, கார் நிக்க முதலே கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். காலமை முழுக்கப் பட்ட பாட்டுக்கு எனக்கு அது போதுமா இருந்துது. வாசல்காரர் ஒரு வயசாளி, தொப்பி போட்டவர், வந்து எங்கட இடத்தைக் காட்டினார். ரெண்டு பைன் மரத்துக்கு நடுவில ஒரு ஒடுங்கின இடம். "பின்னுக்கு விடுங்கோ" எண்டார்.

நான் ஸ்டியரிங்கைக் கீழ்ப்பக்கத்தில பிடிச்சு, மூச்சை இழுத்து, றிவேர்ஸ் கியரில கை வைச்சன். ஜெசிந்தா குனிஞ்சு காரின்ர திறப்பைக் கழட்டி எடுத்து எஞ்சினை நிப்பாட்டிப்போட்டாள். இறங்கிப் போய் அந்த மனுசனிட்டை, "சீனியோரே, என்ர மனுசன் பின்னுக்குப் போகமாட்டார். தள்ளுறதுக்கு ஆள் கூப்பிடுங்கோ" எண்டாள்.

அவர் தொப்பியைக் கழட்டித் தலையைச் சொறிஞ்சார்.

"சீனியோரா, முப்பது வருசமா இந்த வாசலில நிக்கிறன். பின்னுக்குப் போற புருசன் ஒருத்தனை நான் இன்னும் காணேல்லை."