நல்லதாக நாலு வார்த்தை

"அந்த ஆள்கிட்ட சொல்லுங்க சார். அவன் எழுதின லாகின் பக்கம் குப்பைன்னு," என்று டீம் லீட்டிடம் சொன்னான் சுருட்டை.

அந்த ஆள், நெட்டை, பக்கத்து நாற்காலியிலேயே இருந்தான். சுருட்டைக்கும் நெட்டைக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரே செயலிக்கு ஆளுக்கொரு லாகின் பக்கம் எழுதிவைத்து, தன்னுடையதுதான் நிற்கவேண்டும் என்று இருவரும் ஒற்றைக்காலில் நின்றார்கள். வியாழக்கிழமை வாடிக்கையாளர் வருகிறார். அன்று சொதப்பினால் டீமுக்கு வேறு லீட் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

லீட் அசரவில்லை. ஆட்களை மேய்ப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவர் எண்ணம். அதற்குச் சாட்சியும் இருந்தது. செயலியைச் சோதிக்கும் டெஸ்டர் பெண் வாராவாரம் வந்து சொல்லுவாள்: "இப்படி ஒரு லீட் கிடைக்கக் கொடுத்துவைக்கணும்னு ரெண்டு பேரும் சொல்றாங்க சார்."

நெட்டையைத் தனியே அழைத்தார்.

"உன் பக்கம் பிரமாதமாம். சுருட்டை சொல்றான்."

நெட்டை நம்பாமல் சொன்ன பதில் எழுதத் தக்கதல்ல. அதை லீட், "உன்கிட்ட கத்துக்க நிறைய இருக்காம்" என்று சுருட்டையிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

செவ்வாயன்று நெட்டை சுருட்டைக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். புதனன்று சுருட்டை அவன் மேஜையில் ஒரு காபி வைத்துவிட்டுப் போனான். பேச மட்டும் இருவருக்கும் கூச்சம். லீட் புதுச் சட்டை வாங்கினார்.

வியாழக்கிழமை வாடிக்கையாளர் முன்னால் மேனேஜர் செயலியைத் திறந்தார். வெறும் வெள்ளைத் திரை.

"அவரோடதே இருக்கட்டும்னு காலைல என்னோடத எடுத்துட்டேன்," என்றான் சுருட்டை.

"நானும்," என்றான் நெட்டை.

வாடிக்கையாளர் போனபின் மேனேஜர் சத்தம் போடவில்லை. இந்த லீட் இருக்கலாமா கூடாதா என்று அவர்கள் இருவரையே கேட்கப்போவதாகச் சொல்லி, உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார்.

லீட்டுக்குப் போன உயிர் வந்தது. டெஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து காலர் மடிப்பைச் சரிசெய்தார்.

"திட்டினதையெல்லாம் பாராட்டுன்னு மாத்திச் சொன்னேன். அதுல வந்த வினை. போகட்டும். என் விஷயத்துல ரெண்டு பேரும் ஒத்துப்போவாங்க. நீதான் வாராவாரம் சொல்றியேம்மா."

டெஸ்டர் சாத்திய கதவைப் பார்த்தாள்.

"நானும் மாத்தித்தான் சார் சொன்னேன்."