மூன்றாவது கோல்கீப்பர்

பிரேசில் நாட்டுக் கால்பந்து அணியை அந்த அணியின் பயிற்சியாளருக்கு முன்பே தேர்ந்தெடுத்துவிடக்கூடிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர் திருவனந்தபுரத்தில் சாலை என்று பெயர்கொண்ட கடைத்தெருவில் கயிறு விற்றுக்கொண்டிருந்தார்.

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். எல்லாருக்கும் இருக்கிறதே. எங்களுக்கு அவர் 'இருபத்துமூணு அண்ணாச்சி'. உலகக் கோப்பைக்கு ஒரு நாடு கூட்டிப்போகும் ஆட்டக்காரர்களின் எண்ணிக்கை அது. ஒரு உலகக் கோப்பைக்கு முன்பு சுவிட்சர்லாந்தில் கால்பந்துத் தலைமையகத்தில் எவரோ உட்கார்ந்து யோசித்து அதை இருபத்தாறு ஆக்கிவிட்டார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு நார்க்கயிறு வாங்க வந்த, பொன்முடி அடிவாரத்து விதுரைக்காரர் ஒருவர், "இருபத்தாறு அண்ணாச்சி இல்லியா?" என்று கேட்டார். வெளிநாட்டு ஆபீஸ் ஒன்று தீர்மானம் போட்டுப் பெயர் மாறிய கயிற்றுக் கடைக்காரர் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

அவருக்கு அந்த மாற்றம் பிடிக்கவில்லை. "இருவத்திமூணு எழுதுகதுல ஒரு வேலை உண்டும்டே. ஒருத்தனைச் சேக்கணும்னா ஒருத்தனை வெட்டணும். இருவத்தாறுன்னா அது கல்யாணத்துக்கு விளிக்க மாதிரி," என்றார்.

நான் அப்போது அவர் கடைக்கு இரண்டு கடை தள்ளி மோட்டார் பம்ப் விற்கும் கடையில் இருந்தேன். அண்ணாச்சி தினமும் நாகர்கோவில் பக்கத்திலிருந்து காலை ரயிலில் வருவார். தோளில் துண்டு, காதில் பேனா, கையில் ஒரு துணிப்பை. கடையைத் திறந்ததும் வடம், நைலான், சணல், தார்ப்பாய் எல்லாவற்றையும் வெளியே தொங்கவிடுவார். அதற்குப் பிறகு வியாபாரம் தானாக நடந்தால் நடக்கட்டும் என்று பிரேசிலைக் கவனிக்கப் போய்விடுவார்.

ஒன்று சொல்ல வேண்டும். அவர் ஒரு ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. பந்து எங்கே போகிறது என்பது அவருக்கு வேண்டாத விஷயம். ஆட்ட நாளில் போனில் அவர் திரும்பத் திரும்பப் பார்த்தது இரண்டே காட்சிகள். ஒன்று, ஆட்டக்காரர்கள் பஸ்ஸிலிருந்து இறங்குவது. இன்னொன்று, கோல் விழுந்ததும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து ஓடுவது.

"கோல் அடிச்சவனை ஊரே பாக்கும். நீ பெஞ்சைப் பாரு. ஆரு முதல்ல எழும்புகான், ஆரு ஷூ லேசைக் கெட்டுக மாதிரி குனிஞ்சு இருக்கான்னு பாரு. குனிஞ்சு இருக்கவன் வரமாட்டான்."

இப்படித்தான் ஒருமுறை, பிரேசிலே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய ஒரு முன்வரிசை ஆட்டக்காரனை அவர் பட்டியலிலிருந்து வெட்டினார். சாலை முழுக்கச் சிரித்தது. அறிவிப்பு வந்தபோது அந்த ஆள் இல்லை. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று ஒரு கூட்டமே கடை முன்னால் வந்து நின்றது. அவன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பெட்டியை அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டு இறங்குகிறான், அப்படிப்பட்டவனோடு நாற்பது நாள் ஒரு ஓட்டலில் யாரும் குடித்தனம் பண்ண முடியாது என்றார். பதினோரு பேர் ஆடுவதற்கு, மிச்சம் பேர் கூட இருப்பதற்கு, கூட இருக்கத் தெரியாதவன் எவ்வளவு ஆடினாலும் ஊர் போய்ச் சேரமாட்டான். இதுதான் அவருடைய மொத்த சாஸ்திரம்.

அவருக்கு ஆட்டக்காரர்களின் பெயர்கள் வாயில் நுழையாது. பட்டியலில் 'கம்மல்காரன்', 'நெட்டை', 'சாமி கும்பிடுகவன்', 'பல்லு தெரியச் சிரிக்கவன்' என்றுதான் எழுதுவார். ஆங்கிலப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தை விரித்துவைத்துக்கொண்டு, நெட்டைக்கும் கம்மலுக்கும் சரியான பெயர் போடுவது என் வேலை. நாலு பேருக்குக் கம்மல் இருந்த வருடம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பட்டியலை அவர் கீழேயிருந்து மேலே எழுதுவார். முதலில் தாளின் அடியில் கடைசி எண்ணைப் போட்டு, அங்கே மூன்றாவது கோல்கீப்பரை எழுதுவார். முதல் கோல்கீப்பர் ஆடுவான். அவனுக்கு அடிபட்டால் இரண்டாவது ஆள். மூன்றாவது ஆள் ஆடவே போவதில்லை என்பது அவனுக்கும் தெரியும், அவனைப் பெற்றவளுக்கும் தெரியும்.

"தெரிஞ்சிட்டும் ஒருத்தன் காலம்பற எல்லாருக்கும் முன்ன எழும்பிப் பந்துச் சாக்கைத் தூக்கிட்டுப் போறாம்லா? அவனைக் கண்டுபிடிச்சா லிஸ்ட் முடிஞ்சு. மத்தவன் எல்லாம் தன்னால வருவான்," என்பார்.

பெயர் மாறுவதற்கு முந்தைய மூன்று உலகக் கோப்பைகளில் அந்த மூன்றாவது கோல்கீப்பரை அவர் தவறவிட்டதே இல்லை. நடுவில் ஒன்றிரண்டு பேர் மாறுவார்கள். அடியில் எழுதியது மாறாது.

இந்தப் புகழ் பிரேசிலோடு நிற்கவில்லை. சாலை வியாபாரிகள் வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பொன்முடி மலைக்கு வேன் பிடித்துப் போவோம். யார் யார் போவது என்ற பட்டியல் அண்ணாச்சியுடையது. மலை ஏறும்போது வாந்தி எடுப்பவர் பக்கத்தில் முகம் சுளிக்காதவர், சீட்டு ஆடித் தோற்றால் முறைப்பவர் கண்ணில் படாத தூரத்தில் ஜெயிப்பவர் என்று ஒவ்வொரு இருக்கையையும் யோசித்துப் போடுவார். அவர் பட்டியலில் போன எந்த வருடமும் சண்டை வந்ததில்லை. பெயர் இல்லாதவன் வேனில் ஏறக்கூடாது என்பது சட்டம். விடுபட்ட அரிசிக்கடைக்காரர் ஒருவர் ஒரு மாதம் பேசாமல் இருந்தார். கயிறு மட்டும் ஆள் விட்டு வாங்கினார்.

கயிறு விற்கிற ஆள் சாலையில் ஏழெட்டுப் பேர் உண்டு. பட்டியல் எழுதுகிற ஆள் ஒருவர்தான். அண்ணாச்சிக்கு அங்கே இருந்த மதிப்பு அவ்வளவும் காதில் சொருகிய அந்தப் பேனாவில் இருந்தது. அது அவருக்கும் தெரியும்.

எதிர்க்கடை ஷாஜி. அலுமினியப் பாத்திர வியாபாரம். மலையாளி, அர்ஜென்டினாக் கட்சி. கேரளத்தில் உலகக் கோப்பை என்றால் மூலைக்கு மூலை ஃபிளெக்ஸ் போர்டு முளைக்கும். யார் போர்டு முதலில் ஏறுகிறதோ அவர்களுக்குத்தான் முக்கில் நல்ல இடம். பிரேசில் கட்சிக்காரர்கள் அணி அறிவிக்கும்வரை காத்திருக்க மாட்டார்கள். அண்ணாச்சி பட்டியலைக் கொடுத்ததும் எல்லா முகத்தையும் அச்சடித்து ஏற்றிவிடுவார்கள். அர்ஜென்டினா போர்டைக் கட்டவும் கயிறு அண்ணாச்சி கடையிலிருந்துதான் போகும். காற்றில் விழுந்தால் பழி தனக்கு வரும் என்று நல்ல கயிறாகவே கொடுப்பார்.

பெயர் மாறிய அந்த வருடம் அவர் அடியில் எழுதிய ஆளைச் சரிபார்க்க நான் விளையாட்டுப் பக்கத்தை இரண்டுமுறை புரட்டினேன். 'நரைச்ச தாடி.' முப்பத்தெட்டு வயது. ஒரு வருடமாக எந்த ஆட்டத்திலும் இறங்காதவன். போர்டு ஏறிய அன்று ஷாஜி அண்ணாந்து பார்த்துவிட்டு நேராகக் கயிற்றுக் கடைக்கு வந்தான்.

"அண்ணாச்சி, இந்த வயசனெ ஆரு எடுக்கும்? அவனுக்குப் பென்ஷன் ஆயில்லே?"

"எடுப்பான்."

"எடுத்தில்லெங்கிலோ?"

அண்ணாச்சி சணல் சுற்றிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. "எடுக்கலேன்னா நான் இனி லிஸ்ட் எழுதமாட்டேன்."

"எந்த லிஸ்ட்?"

"எந்த லிஸ்டும். பொன்முடி லிஸ்ட் நீ எழுது."

அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த நாங்கள் நாலு பேரும் குவளையைக் கீழே வைத்தோம். ஷாஜிக்கும் அந்த அளவுக்குப் போகும் எண்ணம் இல்லை. ஆனால் சாலையில் சொன்ன சொல்லைத் திருப்பி வாங்குகிற வழக்கம் கிடையாது, சரக்கைப் போலத்தான்.

அறிவிப்பு எங்களுக்குக் காலையில்தான் கிடைத்தது. அண்ணாச்சி போனைத் தொடவில்லை, ரயிலிலும் யாரிடமும் கேட்கவில்லை. வந்ததும் பழைய தாளை மடியில் வைத்துக்கொண்டு, "வாசிடே," என்றார். வழக்கப்படி கீழேயிருந்து அல்ல, மேலேயிருந்து வாசிக்கச் சொன்னார். அப்போதே எனக்கு ஏதோ பட்டது. நான் வாசிக்க வாசிக்க அவர் டிக் போட்டார். கம்மல்காரன் உண்டு. நெட்டை உண்டு. பல்லு தெரியச் சிரிக்கவன் உண்டு. இருபத்தைந்து டிக் விழுந்தது. அதுவரை அவர் எழுதியதிலேயே சிறந்த பட்டியல் அதுதான்.

மூன்றாவது கோல்கீப்பராக இருபத்துநாலு வயதுப் பையன் ஒருவனின் பெயர் இருந்தது.

எதிர்க்கடையில் ஷாஜி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றான். அன்றைக்கென்று ஒரு பெரிய அலுமினிய அண்டாவையும் கரண்டியையும் வாசலில் எடுத்து வைத்திருந்தான், கொட்டி முழக்குவதற்கு. கொட்டவில்லை. கரண்டியைத் துடைத்து உள்ளே வைத்துவிட்டான்.

அண்ணாச்சி காதிலிருந்து பேனாவை எடுத்தார். மாதிரிக் கயிறுகள் தொங்கும் ஆணியில் ஒரு சணல் துண்டைக் கட்டி அதில் பேனாவையும் தொங்கவிட்டார். "அந்த வயசன் விடியக்காலம் பந்துச் சாக்கைத் தூக்குகதை நான் போன்ல கண்ணால பாத்தேன்டே," என்றார். அவ்வளவுதான். பிறகு ஒரு விவசாயிக்கு மாட்டுக் கயிறு அளந்து கொடுத்தார்.

பிரேசில் கட்சிக்காரர்கள் புதுப் பையனின் முகத்தை அச்சடித்துக்கொண்டு வந்தார்கள், போர்டில் நரைத்த தாடியின் மேல் ஒட்டுவதற்கு. அண்ணாச்சி ஏணியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "லிஸ்ட்ல இருந்து எடுத்தாச்சு. போர்டுல இருந்துமா எடுக்கணும்?" கடைசியில், புதுப் பையனின் முகத்தைத் தனியாக ஒரு பலகையில் ஒட்டி, போர்டின் ஓரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள். உலகத்திலேயே இருபத்தேழு பேரோடு உலகக் கோப்பைக்குப் போன பிரேசில் அணி சாலை முக்கில் நின்ற அணிதான். மழைக் காற்றில் அந்தப் புதுப் பையன் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தான்.

கோப்பை தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறு பொன்முடிப் பயணம். ஒரு வாரம் ஷாஜி பட்ட அவஸ்தையை என்ன சொல்ல. அரிசிக்கடைக்காரர் அவன் வீட்டுக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனார். கூப்பிடாதவர்கள் எல்லாம் வந்து பாத்திரம் வாங்கினார்கள். எழுதுவான், அடிப்பான், எழுதுவான். அண்ணாச்சியிடம் யோசனை கேட்கவும் கூச்சம். அண்ணாச்சியோ எதிரில் உட்கார்ந்து, ஷாஜி இருக்கிற திசையில் சுவர் இருப்பதுபோலக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு காலை ஆறரை மணிக்கு வேன் வந்து நின்றது. இருபத்தாறு இருக்கை. எல்லாரும் கூடியிருந்தபோது அண்ணாச்சி துணிப்பையோடும் ஒரு சுருள் கயிற்றோடும் வந்தார். ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கடை இல்லை. அந்தக் கயிற்றுக்காக மட்டும் ரயில் ஏறி வந்திருக்கிறார்.

"பிரியாணி அண்டாவை மேல கெட்டணும்லா. இவனுவ கெட்டினா விதுரை தாண்டாது," என்று என்னிடம் சொல்லிவிட்டு வேன் கூரையில் ஏறினார். நாலு மூலையும் இழுத்துக் கட்டி, ஆட்டிப் பார்த்து, இறங்கி, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். போவதற்குத் திரும்பியவர், முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த பட்டியலைப் பழக்க தோஷத்தில் கீழேயிருந்து பார்த்தார்.

"இருவத்தாறு எங்கடே?"

அடியில் எண் மட்டும் இருந்தது. எதிரே ஒன்றும் எழுதவில்லை.

ஷாஜி தலையைச் சொறிந்தான். "இருபத்தஞ்சு எழுதி அண்ணாச்சி. அது எழுதான் கை வந்தில்லா. நிங்ஙள் லிஸ்ட் எழுதக்கூடாதுன்னு தானே பந்தயம்? வேனில ஏறக்கூடாதுன்னு ஆரு சொன்னா?"

"பேரு இல்லாதவன் ஏறப்பிடாது. அது நான் வச்ச சட்டம்."

"அப்போ எழுதாம்."

ஷாஜி என் கையில் பேனாவைக் கொடுத்தான். நான் தாளில் குனிந்தேன். அப்போதுதான் தெரிந்தது, என்ன பெயரை எழுதுவது என்று எனக்குத் தெரியாது. ஷாஜியைப் பார்த்தேன். அவன் அரிசிக்கடைக்காரரைப் பார்த்தான். அவர் வேன் டிரைவரைப் பார்த்தார். கடைப் பலகையில் 'கயிறு, தார்ப்பாய்' என்றுதான் இருக்கும். எத்தனையோ வருடம் பக்கத்தில் இருந்தவர்கள் இருபத்தைந்து பேர் நின்றோம், ஒருவருக்கும் தெரியவில்லை. அண்ணாச்சியும் சொல்லவில்லை. நாங்கள் முழிப்பதை அவர் ரசித்தார் என்றே நினைக்கிறேன்.

இருபத்தாறுக்கு நேரே 'இருபத்தாறு' என்று எழுதினேன். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "எழுத்து கொள்ளாது. போட்டும்," என்று என் கையெழுத்தைப் பழித்துவிட்டுக் கடைசி இருக்கையில் போய் உட்கார்ந்தார்.

ஷாஜியின் பட்டியல் லேசான பட்டியல் அல்ல. விதுரைக்குள் இரண்டு சண்டை. வேன் முழுக்கக் கேப்டன்கள், பாட்டை மாற்று, ஜன்னலைச் சாத்து என்று ஆளுக்கொரு உத்தரவு. அண்ணாச்சி மடியில் துணிப்பையோடு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். மலைப்பாதையில் ஏழாவது கொண்டையூசி வளைவில், பட்டியல் எழுதிய ஷாஜிக்கே வயிறு புரட்டியது. முகம் வெளுத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, வண்டியை நிறுத்தச் சொல்லவும் வாய் வரவில்லை.

அப்போது கடைசி இருக்கையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் கைமாறிக் கைமாறி முன்னால் வந்தது. கூடவே ஒரு பிளாஸ்டிக் கவரும் வந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். மடியில் துணிப்பை திறந்திருந்தது. உள்ளே இன்னும் பத்துப் பன்னிரண்டு பழம் இருக்கும், ஆளுக்குப் பாதி என்று கணக்காக.

பட்டியலில் பெயரில்லாத மனிதர் அன்று விடியற்காலை அவற்றை வீட்டு மரத்தில் பறித்துப் பையில் போட்டுக்கொண்டுதான் ரயில் ஏறியிருக்கிறார்.