கறுப்புப் பக்கத்தில் மாமனார்

இந்தத் தடவை மனைவியைக் கேட்பதில்லை, நேராக உலகத்தையே கேட்டுவிடுவது என்று முடிவெடுத்தேன். விஷயம் வேறொன்றுமில்லை. எங்கள் வீட்டுப் பின்னறையை வாடகைக்கு விட வேண்டும்.

அந்த அறையில் என் மாமனார் இருந்தார். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு ரயிலுக்குத்தான், எனக்கில்லை. நான் செருப்பை மாட்டினாலே, "மாப்பிள்ளே, யாரைக் கேட்டு?" என்பார். போன வருஷம் போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து அறை பூட்டிக் கிடக்கிறது. அவருடைய மர நாற்காலி மட்டும் கூடத்துக்கு வந்தது, எனக்கு.

"வாடகைக்கு விடலாமா?" என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தேன்.

"அப்பா ரூமையா?" என்றாள். அந்த 'யா'வோடு பேச்சு முடிந்தது.

அதனால்தான் இந்தத் திட்டம். ஓர் இணையப் பக்கம் போட்டுவிட்டால் எவனாவது பெட்டியும் கையுமாக வாசலில் வந்து நிற்பான். வந்தவனை விரட்ட அவளுக்கு மனசு வராது. என்னை விரட்டத்தான் வரும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது இந்த வீட்டில் என் பேச்சு எடுபட வேண்டாமா?

எனக்குக் காலை ஷிப்ட். மத்தியானம் வீட்டில் நான் தனி. அவள் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் இருப்பாள், சாயங்காலம்தான் வருவாள். இலவசமாகப் பக்கம் போடக் கற்றுத்தரும் தளம் ஒன்றைப் பிடித்தேன். பதிவு செய்வதெல்லாம் சில்லறை வேலை, அதைச் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். முதல் பாடம்: எழுத்தைப் பெரிதாக்க ஒரு குறியைத் திறந்தால் அதை மூட வேண்டும். டப்பா மூடி விஷயத்தில் என் மனைவி தினமும் சொல்வதும் அதேதான். இரண்டு பேர் சொல்லியும் நான் மூடவில்லை. பக்கம் முழுக்க எழுத்து யானை சைஸில் நின்றது.

ஒருவழியாக மூடினேன். அடுத்த பாடம் நிறம். கம்பீரமாக இருக்கட்டும் என்று பின்னணிக்குக் கறுப்பு கொடுத்தேன். சேமித்துவிட்டுப் பக்கத்தைத் திறந்தால் ஒரே இருட்டு. எழுத்தும் கறுப்பு என்பது அப்புறம்தான் உறைத்தது. 'அமைதியான அறை வாடகைக்கு' என்று நான் எழுதியது உள்ளே எங்கேயோ மூச்சுமுட்டிக் கிடந்தது.

ஏதாவது தெரிகிறதா என்று ரிஃப்ரெஷ் அழுத்தினேன். தெரிந்தது. வெள்ளை எழுத்தில்.

'மாப்பிள்ளே, யாரைக் கேட்டு?'

கையை எடுத்தேன். வீட்டில் ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. அதுவும் திடீரென்று நின்றது. சமையலறைக் குழாயில் ஒரு சொட்டு விழுந்தது. நான் எழுதவில்லை. சத்தியமாக எழுதவில்லை. அவசர அவசரமாக அந்த வரியை அழித்துச் சேமித்தேன். மறுபடி அழுத்தினேன்.

'அழிச்சா போயிடுவேனா?'

பின்னறைப் பக்கம் திரும்பினேன். கதவு பூட்டியபடியேதான் இருந்தது. ஆனால் அடியில் இருக்கும் இடுக்கில் வெளிச்சம் இருந்ததா, மறைந்ததா? ஜன்னல் திரை ஆடியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காற்றே இல்லை. விரல் தானாகப் போய் அழுத்தியது.

'காலைக் கீழே போடுங்க. அது என் நாற்காலி.'

அய்யோ! நான் நாற்காலியில் சம்மணம் போட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன். காலைக் கீழே போட்டேன். நாற்காலி 'கிறீச்' என்றது, பெரியவர் தொண்டையைச் செருமுகிற மாதிரி. எழுந்து நின்றபடியே அடுத்ததைப் படித்தேன்.

'என் பொண்ணுக்கு இந்த வீட்ல கதவைச் சாத்திக்கிட்டு உட்கார வேற இடம் ஏது?'

இதைப் படித்ததும் பயத்தோடு வெட்கமும் சேர்ந்துகொண்டது. யோசித்துப் பார்த்தேன். நிஜமாகவே வேறு இடம் கிடையாது. கடைசியாக ஒரு வரி வந்தது.

'ரூமுக்கு உங்க கையாலேயே வெள்ளையடிச்சு அவளுக்குக் குடுங்க. பார்த்துக்கிட்டிருப்பேன்.'

அவள் வரும்வரை வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போகக் கால் வரவில்லை.

"என்னங்க, முகமெல்லாம் வெளிறிக் கிடக்கு?"

"உங்கப்பா வந்திருக்காரு."

"எங்கே?"

"பக்கத்துல."

"எந்தப் பக்கத்துல?"

திரையைக் காட்டினேன். படித்தாள். கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"பதிவு பண்ணும்போது யார் நம்பரைக் கொடுத்தீங்க?"

"...உன் நம்பரை." நான் மாதத்துக்கு ஒரு சிம் மாற்றுகிறவன். எங்கள் வீட்டில் எதற்கும் அவள் நம்பர்தான். கை தானாக அடித்துவிட்டது.

"வந்த ரகசிய எண்ணை யார் படிச்சுச் சொன்னது?"

"நீதான். ஆபீஸ் விஷயம்னு சொன்னேனே!"

"உங்க ஆபீஸ் விஷயத்தை நானும் அதே நம்பரைப் போட்டு என் போன்ல திறந்து பார்த்தேன். கறுப்பு மேலே கறுப்பு பூசி வெச்சிருந்தீங்க. பாவமா இருந்துச்சு, வெள்ளையில எழுதினேன்."

"நான் சம்மணம் போட்டிருந்தது எப்படித் தெரியும்?"

"என்னைக்குங்க காலைக் கீழே போட்டிருக்கீங்க?"

எனக்குப் போன உயிர் வந்தது. கூடவே கோபமும் வந்தது. "வெள்ளையடிக்கணுமாம், என் கையாலேயே! நல்லா எழுதினே போ!"

அவள் சிரிப்பு நின்றது. திரையருகே குனிந்தாள்.

"எது? இந்தக் கடைசி வரியா? இதை நான் எழுதலைங்க."

"விளையாடாதே."

"அப்பா மேலே சத்தியம். நான் எழுதலை."

அப்பா மேல் அவள் பொய்ச் சத்தியம் செய்யமாட்டாள். அது எனக்குத் தெரியும். உள்ளே ஃபிரிட்ஜ் மறுபடி உறும ஆரம்பித்தது.

மறுநாள் மத்தியானமே பின்னறையைத் திறந்தேன். சுவரைச் சுரண்டினேன், தனியாக, முதுகைச் சுவருக்குக் காட்டாமல். ஒரு கோட் அடித்தேன். அவர் பார்த்துக்கொண்டிருப்பாரே என்று இன்னொரு கோட்டும் அடித்தேன். மூலையில் தூரிகை படாத இடம் ஒன்று அவர் முகம் மாதிரியே தெரிந்தது. "அடிச்சுட்டேன் மாமா, அடிச்சுட்டேன்" என்று சத்தமாகவே சொல்லி, அதற்கு மட்டும் மூன்றாவது கோட் கொடுத்தேன்.

அவள் மேஜையைப் போட்டாள், நாற்காலியையும் உள்ளே இழுத்துக்கொண்டாள், உள்தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததே இல்லை. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. தாழ்ப்பாளுக்கு இந்தப் பக்கம் நின்று மெதுவாகக் கேட்டேன்.

"ஏம்மா, அந்த ஒரு வரி... நிஜமாவே நீ எழுதலையா?"

"இல்லைங்க. உங்கம்மா அன்னைக்குப் பல் காட்ட கிளினிக்குக்கு வந்திருந்தாங்க, அவங்கதான் எழுதினாங்க. 'மாப்பிள்ளே'ன்னு ஆரம்பிக்கிறதா, 'டேய்'னு ஆரம்பிக்கிறதான்னு ரொம்ப நேரம் யோசிச்சாங்க, அப்புறம் ரெண்டுமே வேண்டாம்னுட்டாங்க."