செடி சொன்ன பொருத்தம்

“வளையலைக் கழட்டாதேம்மா. சொல்றேன்ல.”

“நீ சும்மா இருடி. கல்யாணம் நின்னா நாலு பேர் உன்னையா கேப்பாங்க? என்னைத்தான் கேப்பாங்க.”

தாயும் மகளும் இப்படிக் கத்திக்கொண்டது அவர்கள் வீட்டுக்குள் அல்ல. செடிச்சாமியின் முற்றத்தில், வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி. வரிசையில் நிற்காதவர்களுக்கும் கேட்டது. மதிலோரம் நின்றால் நன்றாகவே கேட்கும்.

சாமியிடம் இருந்தது ஒரே ஒரு செடி. ஆள் உயரம், வருஷம் முழுக்க இலை கொட்டாது, கொத்துக் கொத்தாய் ஊதாப் பூ. ஜோடியின் பெயரைச் சொன்னால் ஒரு பூவின் காம்பில் சிவப்பு நூல் கட்டுவார். மறுநாள் பூ வெளுத்திருந்தால் பொருத்தம். ஊதாவாகவே இருந்தால் குற்றம். குற்றத்துக்குப் பரிகாரம். பரிகாரம் முடித்து வந்து பார்த்தால் பூ வெளுத்திருக்கும். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. அதனால்தான் காரில் வந்தவரும், காரைத் தள்ளிக்கொண்டு வந்தவரும் ஒரே வரிசையில் கை கட்டி நின்றார்கள்.

மகள் பல் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறவள். மாப்பிள்ளை அங்கே சொத்தைப் பல்லோடு வந்து, பல் போன பிறகும் வந்துகொண்டிருந்தவர். இருவரின் பூவும் ஊதாவாகவே நின்றுவிட்டது. குற்றம் பெண் பக்கம், தாயின் வளையலைச் செடியடியில் புதைக்க வேண்டும் என்றார் சாமி. வெளுக்காத பூவோடு சம்பந்தம் கிடையாது என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளையின் அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை அவருக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தார்.

வரிசையில் நின்ற நேரமெல்லாம் மற்றவர்கள் சாமியைப் பார்த்தார்கள். மகள் செடியைப் பார்த்திருந்தாள்.

“நூல் கட்டுற பூவை யார் சாமி பாத்து எடுக்கிறது?”

“செடியே காட்டும்மா.”

“எனக்கும் ரெண்டு காட்டுது. கட்டிக்கிறேன்.”

கூட்டத்தின் முன்னால் சாமியால் மறுக்க முடியவில்லை. பாதி நிறம் போயிருந்த ஒரு பூவில் அவள் நூலைக் கட்டி, கிளினிக் குப்பைத் தொட்டிக்கும் வாசல் விளக்குமாற்றுக்கும் பொருத்தம் கேட்டாள். அப்போதுதான் விரிந்திருந்த அடர் ஊதாப் பூவில் இன்னொரு நூல். அது சாமிக்கும் சாமியின் சம்சாரத்துக்கும். பிறகு ராத்திரி யாரும் பூவில் கை வைக்காதபடி, திண்ணையில் கிடந்த கொசுவலையை எடுத்துச் செடிமேல் போர்த்தி முடிச்சுப் போட்டாள். வளையலை நாளைக்குக் கழற்றலாம் என்று தாயை இழுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் கூட்டம் இரண்டு மடங்கு. குப்பைத் தொட்டிக்கும் விளக்குமாற்றுக்கும் அமோகப் பொருத்தம், பூ பால் மாதிரி வெளுத்திருந்தது. சாமி தம்பதியின் பூ மட்டும் லேசாக வெளிறி, ஊதாவாகவே நின்றது.

சாமியின் சம்சாரம் ஈரக் கையைத் துடைத்தபடி வந்து பார்த்தார். முழங்கை வரை வளையல்.

“அப்ப நமக்குப் பொருத்தம் இல்லையா? இத்தனை வருஷம் சும்மாவா குடித்தனம் பண்ணினேன்?”

“அட, அது இளம் பூடி. இன்னொரு நாள் போனா தானா வெளுக்கும்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது.

“பரிகாரம் இல்லாமயா சாமி?” என்றாள் மகள், டோக்கன் நம்பர் கேட்கிற குரலில்.

வரிசையிலிருந்த ஒரு பெண் சம்சாரத்தின் கையைப் பிடித்து, மூன்றாவது வளையலைக் காட்டி, அது தன் அம்மாவுடையது என்றாள். புதைத்ததெல்லாம் அந்தக் கையில்தான் முளைத்திருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து, எப்படியும் வெளுக்கிற பூதானே, தேதி பார்க்கலாம் என்றார். மகள் அவரைப் பார்க்கவில்லை.

“குடையை மடிச்சுட்டு நீங்க சொல்லுங்க.”

மாப்பிள்ளை அம்மாவைப் பார்த்தார். வெயிலைப் பார்த்தார். குடையை மடித்தார்.

பதிவு அலுவலகத்தில் கல்யாணம் முடிந்து, இருவரும் கிளினிக்குக்கு மேல் மாடியில் குடியிருக்கிறார்கள். தாயின் வளையல் தாயின் கையில். சம்சாரம் வளையல்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அண்ணன் வீட்டோடு போய்விட்டார். சாமி வேறு ஊருக்குப் போய், வேறு செடி வைத்திருக்கிறாராம். நம் தெருவிலிருந்தே இரண்டு பேர் பஸ் ஏறிப் போய் நூல் கட்டிவிட்டு வந்தார்கள். கேட்டால், அது வேற செடி என்கிறார்கள். செடிக்கு மூளை கிடையாது, அதைக் குறை சொல்ல முடியாது. நமக்கு அந்தச் சாக்கும் இல்லை.