லேபிள் அக்காவும் அக்கரைக் குரங்குகளும்

"இந்த ஒன்பதும் இடம் மாறிப்போச்சு" என்று சொல்லி இயக்குநர் ஒன்பது சின்னக் குழாய்களை மேசையில் வரிசையாக நிறுத்தினார். "யார் மாத்தினாங்கன்னு நான் கேக்கலை. எப்ப மாத்தினீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

லேபிள் அக்கா குழாய்களைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள்.

"மாறலை சார்."

"மாறியிருக்கும்மா."

"என் கையில குழாய் மாறாது சார்."

அந்தக் குரங்கு ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு இருபத்தாறு வருடச் சேவை. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. வாசல் காவலாளி முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் அவள் லேபிள் அக்காதான். காட்டிலிருந்து குரங்கு மலம் வரும். அதைக் குழாயில் போட்டு, எந்தக் கரை, எந்தக் கூட்டம், எந்தத் தேதி, எந்த மரத்தடி என்று நாலு வரி எழுதி ஒட்டிய பிறகுதான் அவள் மூச்சு விடுவாள். இந்தப் பழக்கம் வீட்டையும் விட்டு வைக்கவில்லை. உப்பு டப்பாவில் 'உப்பு' என்று ஒட்டியிருக்கும். அதன் மூடியில் 'உப்பின் மூடி' என்று ஒட்டியிருக்கும். கணவரின் பல் துலக்கும் பிரஷ்ஷில் வாங்கிய தேதி, தூக்கிப் போட வேண்டிய தேதி இரண்டும் உண்டு.

ஒன்பது குழாய்க்கு இத்தனை ஆர்ப்பாட்டம் ஏன் என்றால், ஊரை ஒட்டி ஓர் ஆறு ஓடியது. சாதாரண ஆறு இல்லை. முதலையே இறங்குமுன் இரண்டு தடவை யோசிக்கும் ஆறு. இக்கரையில் ஊர், அதைச் சுற்றிக் கொஞ்சம் காடு. அக்கரையில் வெறும் காடு. இரண்டு கரையிலும் பார்வைக்கு ஒரே மாதிரிக் குரங்குகள். ஆனால் நடுவே ஆறு விழுந்து ஐந்து லட்சம் வருடம் ஆகிவிட்டதால், இரண்டும் தனித்தனியே குட்டி போட்டு, தனித்தனியே மாறி, தாய்வழியாக இறங்கும் மரபணுவில் இப்போது பதினேழு இடங்களில் வேறு வேறாக இருந்தன. இதைக் கண்டுபிடித்து அறுநூறு பக்கத்தில் புத்தகமாகப் போட்டவர் இயக்குநர். அந்த அறுநூறு பக்கத்திலும் ஒரு குரங்குகூட ஆற்றைத் தாண்டவில்லை.

இப்போது அக்கரையிலிருந்து வந்த நாற்பது குழாயில் ஒன்பதில், இக்கரைத் தாய்களின் மரபணு இருந்தது.

"ஆண் குரங்கு ஊர் சுத்தும், ஒத்துக்கறேன்" என்றார் இயக்குநர். "ஆனா தாய்வழி அடையாளத்தைக் குட்டிக்குக் குடுக்கறது பெண் குரங்குதான். பெண் குரங்கு பொறந்த கூட்டத்தை விட்டு நகராது. அது ஆத்தைத் தாண்டி அக்கரைக்குப் போச்சுன்னு சொல்ல வர்றீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்ல வரலை சார். குழாய் சொல்லுது."

"'கை தவறிடுச்சு'ன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. விஷயத்தை இதோட முடிச்சுக்கலாம்."

"குழாய்ல மிச்சம் இருக்கறதை மறுபடி சோதிச்சுப் பாக்கலாம் சார்."

பார்த்தார்கள். அதே ஒன்பது.

"குழாயே மாறியிருந்தா நூறு தடவை சோதிச்சாலும் அதேதானேம்மா வரும்?" என்றார் இயக்குநர்.

"அப்ப புதுசா எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

அதே காடு, அதே மரங்கள், புதிதாக நாற்பது குழாய் வந்தது. இந்தத் தடவை பதினான்கு.

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். "ஒன்பது பதினாலு ஆயிருக்கு. தப்பு குட்டி போடுதா?"

"தப்பு போடாது சார். குரங்குதான் போடும்."

பக்கத்து மேசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் வினையாகிவிட்டது. அதுவரை இயக்குநருக்கு அது குழாய் விவகாரம். அதன்பின் அது மான விவகாரம்.

அன்று மாலை வீட்டில் அவள் பாத்திரங்களைக் கழுவிய வேகத்திலேயே கணவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர் நகராட்சியில் வண்டிப் பிரிவு மேற்பார்வையாளர். அடைத்த சாக்கடை, சாய்ந்த மரம், அலையும் மாடு என்று ஊரின் அத்தனை புகாரும் அவர் மேசையில்தான் வந்து விழும். கேட்டுக் கேட்டு, யார் என்ன சொன்னாலும் தலையாட்டப் பழகிய மனிதர்.

"எழுதிக் குடுத்துடேன்" என்றார்.

"என்னத்தை?"

"கை தவறிடுச்சுன்னு."

"என் கைதான் தவறலையே!"

"தவறினாத்தான் எழுதணுமா? நான் வாரத்துக்கு மூணு எழுதிக் குடுக்கறேன். என்ன குறைஞ்சு போயிட்டேன்?"

அவள் கரண்டியைத் தேய்த்தாள். அவர் நகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"ஏம்மா, ஒரு குரங்கு எந்தக் கரையில பொறந்ததுன்னு, அது போட்டதை வெச்சே சொல்லிட முடியுமா?"

லேபிள் அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில் அவள் வேலையைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. கோபமெல்லாம் போய், ஈரக்கையோடு ஒரு தாளை எடுத்து, கிளை கிளையாக ஒரு மரம் வரைந்து, இது அம்மா, இது பாட்டி, இது ஐந்து லட்சம் வருடத்துக்கு முந்தைய கொள்ளுப்பாட்டி என்று ஒரு மணி நேரம் விளக்கினாள். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே கடைசிவரை கேட்டார்.

"எந்தக் கூட்டம்ங்கற வரைக்கும் சொல்லிடலாம்" என்று அவள் முடித்தாள்.

"அடேயப்பா" என்றார் அவர். அன்று சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

நிலையத்தில் இளவயதுக்காரர்கள் ஆளாளுக்கு வந்து அறிவுரை சொன்னார்கள். "சார் இன்னும் ரெண்டு வருஷத்துல ஓய்வு வாங்கிடுவாருக்கா. ஒரு வரிதானே?" ஒரு வரிதான். ஆனால் லேபிள் அக்காவுக்குப் பெரிய படிப்பு கிடையாது. அந்த அறுநூறு பக்கப் புத்தகத்துக்கு மூவாயிரம் குழாய் ஒட்டியவள் அவள். நன்றி சொல்லும் பக்கத்தில் இயக்குநரின் பூனைக்கு இடம் இருந்தது. இவளுக்கு இல்லை. தன் கையில் குழாய் மாறாது என்பது ஒன்றுதான் அவளுக்கென்று மிஞ்சியிருந்தது. அதையும் எழுதிக் கொடுத்துவிட்டு வேறெதை வைத்துக்கொண்டு நிமிர்ந்து நடப்பது?

மறுநாள் காலை அவளே படகேறி அக்கரைக்குப் போனாள். கூடக் காட்டுக் காவலர் வந்தார். குடையை விரித்து மரத்தடியில் உட்கார்ந்து, குரங்குகளுக்கு எப்போது மனம் வரும் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்றுக்குச் சட்டென்று மனம் வந்தது. நேராக அவள் தோளில் விழுந்தது. கொஞ்சமும் முகம் சுளிக்காமல் அதையும் குழாயில் எடுத்து, மரத்தடி என்று எழுத வேண்டிய இடத்தில் 'என் தோள்' என்று எழுதினாள்.

இன்னொரு குரங்கு இறங்கி வந்து லேபிள் சுருளைப் பறித்தது. ஒன்றைக் கிழித்து நெற்றியில் ஒட்டிக்கொண்டு அவள் எதிரிலேயே சட்டமாக உட்கார்ந்தது.

"இதுங்களுக்கு இப்பல்லாம் ஆள் பயமே இல்லைம்மா" என்று காவலர் அலுத்துக்கொண்டார். "முன்னெல்லாம் நம்ம தலை தெரிஞ்சாலே ஓடிடும். இப்ப பையைத் திறந்து காட்டச் சொல்லுது."

"ஏன் பயப்படணும்? அது என்ன தப்பு பண்ணிச்சு?" என்றாள் லேபிள் அக்கா. அந்தக் குரங்கை அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அவளே எடுத்து, அவளே ஒட்டி, அவளே தூக்கி வந்த நாற்பதில் இருபத்து மூன்று.

இயக்குநர் இம்முறை பேசவில்லை. எழுத்தில் அனுப்பினார். ஒரு வாரத்துக்குள் மன்னிப்புக் கடிதம் தர வேண்டும், தவறினால் பணிநீக்கம். லேபிள் அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு புதுச் சுருளிலிருந்து ஒரு லேபிளைக் கிழித்தாள். 'எடுத்த இடம்: இயக்குநர் அறை. நிலை: கெட்டுப்போனது. சோதனைக்கு ஆகாது' என்று அழகான கையெழுத்தில் எழுதி, அந்தக் கடிதத்தின் மேலேயே ஒட்டி, அவர் மேசையில் கொண்டுபோய் வைத்தாள். பக்கத்தில் அந்த அறுநூறு பக்கப் புத்தகம் இருந்தது. வந்ததுதான் வந்தோம் என்று அதன் அட்டையிலும் ஒன்று ஒட்டினாள்: 'மறுபரிசோதனைக்கு உரியது.'

"உங்களுக்கு என்ன துணிச்சல்!" இயக்குநர் எழுந்தே விட்டார்.

"சார், நான் தொடவே இல்லை. நீங்களே காட்டுக்குப் போங்க. நீங்களே எடுங்க. நீங்களே ஒட்டுங்க. வெளியூர்ல நமக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்புங்க. அதுல ஒண்ணுகூட மாறி வரலைன்னா நான் வீட்டுக்குப் போயிடறேன்."

"வந்துட்டா?"

"நீங்க போக வேண்டாம். புத்தகத்தைத் திருத்தினா போதும்."

வாசலில் பத்துப் பேர் கேட்டுக்கொண்டு நின்றார்கள். இயக்குநரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. இருபது வருடத்துக்குப் பிறகு அவர் காட்டுக்குள் கால் வைத்தார். முழங்கால்வரை சேறும், முப்பது குழாயும், ஒரு குரங்கு பறித்த மூக்குக்கண்ணாடி போக மீதி முகமுமாகத் திரும்பி வந்தார்.

முடிவு வரும்வரை லேபிள் அக்காவுக்குக் கட்டாய விடுப்பு. ஐந்து வாரம். வீட்டில் ஒட்ட இடமில்லாமல் போயிற்று. ஒருநாள் கணவர் முதுகில் 'துவைக்க வேண்டியது' என்ற லேபிளோடு அலுவலகம் போய்விட்டு மாலையில்தான் திரும்பினார். அவருக்கு அதைக் கவனிக்கும் தெம்புகூட இல்லை. "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை, எழுதிக் குடுத்துடலாம்" என்று மட்டும் தினமும் சொன்னார்.

"உங்களுக்கு என் மேல நம்பிக்கை இல்லையா?"

"ஐயோ, இருக்கு" என்றார் அவர், அழாத குறையாக. "ரொம்ப இருக்கு."

முடிவு வந்தது. இயக்குநர் தன் கையால் எடுத்து, தன் கையால் ஒட்டிய முப்பதில் பத்தொன்பது.

இயக்குநர் மூன்று நாள் அறைக்கதவைத் திறக்கவில்லை. நான்காம் நாள் முகம் பிரகாசமாக வெளியே வந்தார். தோற்றவர் முகம் மாதிரியே இல்லை. புதிய கொள்கையோடு வந்திருந்தார்.

அதை அறிவிக்க நிலையத்தின் பெரிய கூடத்தில் கூட்டம் ஏற்பாடாயிற்று. ஊர்ப் பெரிய மனிதர்கள், வெளியூர் விஞ்ஞானிகள், பத்திரிகைக்காரர்கள் என்று எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு பேர் வந்துவிட்டார்கள். போதாத நாற்காலிக்கு நகராட்சியைக் கேட்க வேண்டியதாயிற்று. லேபிள் அக்காவுக்கு மேடையில் இடம். திரையில் இயக்குநர் பெயருக்கு அடுத்து அவள் பெயர், பெற்றவர்கள் வைத்த பெயர், முழுதாக இருந்தது. 'வர முடியாது, தலைவலி' என்ற கணவரை அவள் இழுக்காத குறையாகக் கூட்டி வந்து முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தாள்.

இயக்குநர் முழங்கினார். "பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரும் வறட்சி. ஆறு வற்றியிருக்கிறது. பிறந்த கூட்டத்தை விட்டு ஒருபோதும் நகராத தாய்க்குரங்குகள் அன்று துணிந்து இறங்கின. குட்டிகளை வயிற்றில் கட்டிக்கொண்டு, சுடுமணலில் நடந்து, அக்கரை சேர்ந்தன. அந்த வீரத்தாய்களின் வம்சத்தைத்தான் நாங்கள் இன்று கண்டுபிடித்திருக்கிறோம்!"

கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று. மைக் லேபிள் அக்கா கைக்கு வந்தது. நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லி உட்கார்ந்திருக்கலாம்.

"சார் சொன்னதுல ஒரு இடம் எனக்கு ஒத்துக்கலை" என்றாள்.

இயக்குநரின் புன்னகை அப்படியே நின்றது.

"அவ்வளவு முன்னால வந்திருந்தா, அங்க போயி அதுங்க கொஞ்சமாவது தனியா மாறியிருக்கணும். ஆனா அக்கரையில கிடைச்சதும் இக்கரையில இருக்கறதும் ஒரு புள்ளிகூட மாறாம அச்சு அசலா இருக்கு. இது பழைய கதையில்லை சார். நேத்து வந்த மாதிரி இருக்கு."

"நேத்து எப்படிம்மா வரும்? டிக்கெட் வாங்கிட்டா?"

கூடமே சிரித்தது. முதல் வரிசையில் ஒரே ஒருவர் மட்டும் சிரிக்காமல் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது" என்றாள் லேபிள் அக்கா. குரல் கொஞ்சமும் இறங்கவில்லை. "ஆனா வந்தது இப்பத்தான். யார் சிரிச்சாலும் சரி, இதை மாத்தி எழுதச் சொன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

சிரிப்பு அடங்கியது. யாரோ ஒருவர் தட்ட ஆரம்பித்தார். இன்னொருவர் சேர்ந்துகொண்டார். இயக்குநர் தண்ணீர்க் குவளையைத் தேடினார்.

அந்த நேரம் பக்கவாட்டுக் கதவு திறந்தது. கூடுதல் நாற்காலிகளை ஏற்றி வந்த நகராட்சி லாரி டிரைவர் தலையை நீட்டி, தன் மேற்பார்வையாளரை முதல் வரிசையில் கண்டுபிடித்து, குனிந்தபடி ஓடி வந்தார். காதோடு சொல்வதாகத்தான் அவர் நினைத்தார். ஆனால் முப்பது வருடம் என்ஜின் சத்தத்தோடு போட்டி போட்ட தொண்டை அது. கூடத்தின் கடைசி வரிசைவரை கேட்டது.

"சார், நாற்காலியெல்லாம் இறக்கியாச்சு, வண்டி காலி. மார்க்கெட்டுல பிடிச்ச பதினோரு குரங்கும் கூண்டுல கத்திக்கிட்டிருக்கு. ஆம்பளைக் குரங்கு கடிக்கும்னு நீங்க சொன்ன மாதிரி எல்லாம் பொம்பளைக் குரங்காத்தான் பிடிச்சோம். எப்பவும் போல கூண்டைப் படகுல ஏத்தி அக்கரைக் காட்டுல கொண்டுபோய் விட்டுட்டு வந்துடட்டுமா?"