கேமரா வாங்கப்போகிறவர்

கேமரா வாங்குகிறவர்கள் வேறு, வாங்கப்போகிறவர்கள் வேறு. முதல் இனத்தார் கடைக்குப் போவார்கள், பணத்தைக் கொடுப்பார்கள், பெட்டியோடு வீடு திரும்புவார்கள். அவர்களைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? நாம் பார்க்கவேண்டியவர் கரமனையில் குடியிருக்கும் இன்சூரன்ஸ் ஆபீஸ் பகவதிப்பெருமாள்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் அவருடைய ஆறு வயது மகள் ஸ்ரீப்ரியாவுக்கு மேல்வரிசை முன்பல் இரண்டும் விழுந்தன. அவள் சிரித்தால் வீடே சிரித்தது. பகவதிப்பெருமாளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. இந்தச் சிரிப்பை நல்ல படமாக எடுத்துக் கூடத்தில் மாட்டாவிட்டால் தகப்பனாக இருந்து என்ன பயன்?

"போனுல எடுங்களேன்" என்றாள் மனைவி திவ்யலட்சுமி.

"போன் படம் வாட்சப்புக்கு ஆகும், செவுத்துல மாட்ட ஆகுமா? பெரிய வெலையெல்லாம் வேண்டாம். தெனப்படி எடுக்கதுக்கு ஒரு சின்ன கேமரா, அடுத்த வாரம் வாங்கியிருவேன். அதுவரைக்கும் கண்டபடி எடுத்து பிள்ள மொகத்த வீணாக்காத, கேட்டியா?"

அடுத்த வாரம் வந்தது. ஒரு நோட்டுப் புத்தகமும் வந்தது. அதில் ஒன்பது கேமராக்களைக் கட்டம் கட்டி எழுதி, எடை என்ன, பேட்டரி எத்தனை நேரம் நிற்கும், மழையில் நனைந்தால் என்ன ஆகும் என்று நிரப்பி, பல் தேய்க்கும்போது ஒரு வீடியோ, பஸ்ஸில் ஒன்று, சோற்றில் ரசம் ஊற்றும்போது ஒன்று என்று பார்த்து, ஒருவர் நல்லது என்றதை இன்னொருவர் மோசம் என்றதும் மூன்றாமவரைத் தேடிப்போய், ஆபீசில் கேமராவே வைத்திராத நாலு பேரிடம் கருத்தும் கேட்டார். கருத்துக்கு என்ன பஞ்சம்? ஓணத்துக்கு விலை குறையும் என்றார்கள். காத்திருந்தார். குறைந்தது. இன்னும் குறையும் என்று காத்திருந்தார். ஏறிவிட்டது.

சனிக்கிழமைதோறும் மகளைக் கூட்டிக்கொண்டு தம்பானூரில் ஒரு கடைக்குப் போவார். அங்கே விற்பனையில் நிற்கும் ஷைஜு முதல் நாளே ஒன்றை எடுத்து நீட்டினான்.

"சாரே, வீட்டாவசியத்துக்கு இது தாராளம், கேட்டோ."

அத்தனை சுலபமாக முடிந்துவிட்டால் ஆராய்ச்சி என்னாவது? ஒவ்வொரு கேமராவாகக் கேட்டு வாங்கி, ஸ்ரீப்ரியாவைக் கண்ணாடி அலமாரி முன்னால் நிறுத்தி, "சிரி மக்கா" என்பார். அவளும் வாயெல்லாம் சிரிப்பாக நிற்பாள். எடுத்த படத்தைப் பெரிதாக்கி, காதோரத்து முடி தெளிவாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். "பிசிறடிக்கு" என்று அழித்துவிடுவார். ஓணத்துக்குள் இப்படிப் பதினேழு படங்கள்.

டிசம்பரில் வாங்கியேவிட்டார். எதை? முதல் நாள் ஷைஜு நீட்டியதை. வீட்டுக்கு வந்து சார்ஜ் ஏற்றி, மகளை ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்தார்.

"சிரி மக்கா."

சிரித்தாள். முன்பல் இரண்டும் முழுசாக வளர்ந்து நின்றன.

பகவதிப்பெருமாள் கேமராவை இறக்கினார். "இது எப்ப மொளச்சுது?"

"ஓணம் கழிஞ்சதுமே வந்தாச்சு. தெனமும் இந்த மொகத்துக்கு எதிர உக்காந்துதானே சாப்பிடுதீங்க" என்றாள் திவ்யலட்சுமி.

கடையில் அழித்த பதினேழு படங்களும் அவருக்கு நினைவு வந்தன. அழுகை வரும்போல இருந்தது.

"அப்பா, எடுக்கலியா?"

எடுத்தார். காதோரத்து முடி வெகு தெளிவாக விழுந்திருந்தது.

அது எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று இங்கே சொல்லவில்லை. அதற்காகவே இதுவரை படித்துக்கொண்டு வந்தீர்களா? அப்படியானால் தயவுசெய்து தலையை நிமிர்த்துங்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு எத்தனை பல் என்று எண்ணிப் பாருங்கள்.