சம்பந்தி பேச எழுந்ததும் ஒயின் சாகக் கிடந்ததும்

பூன், பர்கண்டி, செவ்வாய்க்கிழமை காலை

அன்புள்ள அக்கா மாதில்டுக்கு,

தம்பி ஃபெர்னான் எழுதுவது. இங்கே நானும் என் பெண்டாட்டி இவெட்டும் உயிரோடு இருக்கிறோம். நலமாக இருக்கிறோமா என்பதை இதைப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். உன் இடுப்பில் போட்ட தையல் ஆறிவிட்டதா? அங்கே பிரெஸ்ட்டில் மழை விட்டதா? இரண்டுக்கும் நல்ல பதிலையே எதிர்பார்க்கிறேன். எங்கள் மகள் பெரினின் கல்யாணத்துக்கு நீ வர முடியாமல் போனதில் எங்களுக்கு எவ்வளவு வருத்தம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நடந்ததை நினைத்தால், பார்த்த கண்களில் இரண்டு குறைந்ததே என்று ஆறுதலாகவும் இருக்கிறது.

உனக்கு ஞாபகம் இருக்கும், பெரின் பிறந்த எண்பத்தைந்தாம் வருஷத்து வோல்னே ஒயினைப் பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர் எனக்குக் கொடுத்து, "இவ கல்யாணத்தன்னைக்குத் தொறங்க" என்று சொன்னார். இவள் நாற்பதை நெருங்கும்வரை கல்யாணம் செய்துகொள்ள மாட்டாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? எனக்கும்தான் எப்படித் தெரியும்? அவ்வளவு காலம் நிலவறையில் படுத்துக் கிடந்த சிவப்பு ஒயின், மூடியைத் திறந்ததும் கொஞ்ச நேரம்தான் கண் விழித்திருக்கும். அதற்குள் குடிக்காவிட்டால் போச்சு. அந்தக் கொஞ்ச நேரத்தை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் போனது. அடி வண்டல் இறங்கட்டும் என்று கல்யாணத்துக்கு முந்தின வாரமே பாட்டிலை நிமிர்த்தி வைத்தேன். அதிலிருந்து, அதிர்ந்தால் வண்டல் கலங்கிவிடுமே என்று, தெருவில் லாரி போனால் நிலவறைக்கு ஓடுகிறேன், கதவு படீரென்று சாத்தினால் ஓடுகிறேன், இவெட் துணி துவைக்கும் இயந்திரத்தைப் போட்டால் போய் நிறுத்துகிறேன். "பொண்ணுக்குக் கல்யாணமா, பாட்டிலுக்குக் கல்யாணமா? போட்டுக்கிற சட்டைய இஸ்திரி போட்டீங்களா?" என்று அவள் கேட்டாள். போடவில்லை. கசங்கிய சட்டையோடுதான் நகரமன்றத்துக்குப் போனேன். மேயர் சட்டப் பிரிவுகளைப் படித்தார், பெரின் சம்மதம் என்றாள், எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். நான் மட்டும் நிலவறைக் கதவைப் பூட்டினேனா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

விருந்து நம் வீட்டு முற்றத்தில், மரத்தடியில். சுட்ட கினிக்கோழி, காளான், எல்லாம் இவெட் கைப்பக்குவம். மாப்பிள்ளை தங்கமான பையன், அவனைப் பற்றி ஒரு குறையும் இல்லை. குறை அவன் அப்பா லாபார்த். மனுஷன், நம் பர்கண்டி ஒயினோடு மல்லுக்கு நிற்கும் போர்தோக்காரர் என்பதை நான் உனக்குச் சொன்னேனா? சொல்லியிருக்க மாட்டேன், வெட்கம். வந்ததும் வராததுமாகப் பெரிய மீன் தொட்டி மாதிரி ஒரு கண்ணாடிக் குடுவையைப் பரிசாக நீட்டினார்.

"பர்கண்டியா? எங்க ஊர்ல இத கோழிக் குழம்புல ஊத்துவோம். பரவால்ல, இந்தக் குடுவையில ஊத்தி நல்லா சுழட்டுங்க சம்பந்தி, மூச்சு விடட்டும்."

"இந்த வயசுல சுழட்டுனா மூச்சு விடாது சம்பந்தி, மூச்சு நின்னுடும்" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

மூடித் தக்கை பாதியில் முறிந்தது. மீதியைத் துணுக்குத் துணுக்காக எடுப்பதற்குள் என் நெற்றி வியர்வை கண்ணில் இறங்கிவிட்டது. வண்டல் கலங்காமல், ஒவ்வொரு கோப்பையிலும் இரண்டு வாய் அளவு ஊற்றினேன். பழைய செங்கல் நிறம். முகர்ந்தால் ஈர நிலவறை வாடை. அக்கா, செத்தே போய்விட்டதோ என்று இன்னொரு தடவை முகர்ந்தேன். இவெட் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் கோப்பையை முகரவே இல்லை. பிறகு மெல்ல மெல்ல அந்த வாடை விலகி, புளிப்புச் செர்ரி எழுந்தது, அதன் பின்னால் மழை பெய்த காட்டில் மக்கிய இலை, காளான், தூரத்தில் எங்கோ ஒரு ரோஜா. இதுதான் சமயம் என்று கோப்பையைத் தூக்குகிறேன், லாபார்த் கரண்டியால் தட்டிக்கொண்டு எழுந்து நிற்கிறார்! சட்டைப் பையிலிருந்து ஒரு கத்தைக் காகிதம்!

"எங்க தாத்தாவோட அப்பா முதன்முதலா போர்தோ துறைமுகத்துல வந்து இறங்கினப்போ..."

நான் நெளிந்தேன். இருமினேன். நாற்காலியை இழுத்தேன். இவெட் மேஜைக்கடியில் என் தொடையைக் கிள்ளினாள். முப்பாட்டனார் இறங்கி, கடை வைத்து, கல்யாணம் செய்து, தாத்தா பிறந்து, அவருக்குப் பல் முளைத்தது. நான் கோப்பையை முகர்ந்தேன். ரோஜாவைக் காணோம். எப்படி எழுந்தேன் என்றே தெரியவில்லை.

"சம்பந்தி! உங்க தாத்தா செத்து ரொம்ப நாளாச்சு, அவரு காத்திருப்பாரு. இது இப்ப செத்துக்கிட்டிருக்கு! எல்லாரும் குடிங்க!"

பெரின்தான் முதலில் குடித்தாள். விழுங்காமல் வாயில் வைத்திருந்தாள், கண்ணை மூடினாள், திறந்தபோது கண் கலங்கியிருந்தது. "அப்பா, நான் பொறந்ததுலேர்ந்து இதுவா கீழ இருந்துச்சு?" என்றாள். நானும் குடித்தேன். அக்கா, அதை எப்படிச் சொல்ல! பட்டுத் துணி மாதிரி நழுவி உள்ளே போயிற்று. போன பிறகும் வாயை விட்டுப் போகவில்லை. நாற்பது வருஷத்தில் அன்றைக்குத்தான் என் கால் ஆடாமல் ஓர் இடத்தில் நின்றது. திரும்பிப் பார்த்தால் லாபார்த் செர்ரியைவிடச் சிவந்து நிற்கிறார். கோப்பையைக் கஷாயம் குடிப்பதுபோல் ஒரே மடக்கில் கவிழ்த்துவிட்டு, காகிதத்தை மடித்துப் பையில் செருகி, காரில் ஏறிப் போய்விட்டார். கோழியைத் தொடவே இல்லை.

புறப்படும்போது பெரின் என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். "ஒயின் அருமைப்பா. ஆனா அவரும் இப்ப எனக்கு ஒரு அப்பா. நீ கெடுத்தத நீதான் சரி பண்ணணும்" என்றாள். அதிலிருந்து போன் போட்டுக்கொண்டே இருக்கிறேன், அவர் எடுப்பதில்லை. ஆகவே உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்: நீ நயமாகப் பேசத் தெரிந்தவள். அவரைக் கூப்பிட்டு, என் தம்பிக்குச் சின்ன வயசிலிருந்தே இப்படித்தான் என்று ஏதாவது சொல். உனக்கு ஒரு சொட்டும் எடுத்து வைக்க முடியாததற்கு மன்னித்துவிடு. இருந்தது அந்த ஒரே பாட்டில்தான், சத்தியமாக வேறு இல்லை. காலிப் பாட்டிலைக் கழுவாமல் வைத்திருக்கிறேன், வந்தால் முகர்ந்து பார்க்கலாம்.

உன் இடுப்பு சீக்கிரம் நிமிரட்டும், பெரினின் குடித்தனம் செழிக்கட்டும், எனக்கு நல்ல புத்தி வரட்டும் என்று நீ மனதார ஆசீர்வதிக்க வேண்டும். இவெட் முத்தங்கள் அனுப்புகிறாள்.

உன் அன்புத் தம்பி,
ஃபெர்னான்

பி.கு.: அக்கா, போன் செய்யாதே! உறையை ஒட்டும் நேரத்தில் வாசலில் கார் வந்து நின்றது. லாபார்த்! தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "அன்னைக்குக் கோவத்துல முழுங்கிட்டேன் சம்பந்தி. பாதி வழியிலயே கோவம் போயிடுச்சு, ருசி போகல. போன எடுத்தா கெஞ்சிடுவேன்னுதான் எடுக்கல. இன்னொன்னு இருக்கா?" என்கிறார். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த முகத்தைப் பார்த்துப் பொய் வரவில்லை. மேலே செய்த சத்தியத்தை அடித்துவிட்டுப் படி. தோட்டக்காரர் கொடுத்தது இரண்டு. மற்றது உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னால் இருந்தது. இவெட்டுக்கும் இன்றுதான் தெரியும், அவள் என்ன சொன்னாள் என்பதைக் கடிதத்தில் எழுத முடியாது. பாட்டிலை நிமிர்த்தி வைத்தாயிற்று, லாபார்த் அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஞாயிறு மதியம் திறக்கிறோம். இடுப்பு இடம் கொடுத்தால் ரயிலேறி வா. ஆனால் குடித்து முடிக்கும்வரை யாரும் எழுந்து பேசக் கூடாது. உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.